உப்புத் தண்ணீர் ஊருக்கு வாரண்டி கிடையாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். 31 வருடம் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஐப்பசி பிறந்தாலே உங்கள் தர்மபுரி பதிப்பில் வாட்டர் ஹீட்டர் விளம்பரங்கள் வர ஆரம்பித்துவிடுகின்றன. பழைய ஹீட்டரைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துப் போங்கள் என்று போன வாரம் அரைப்பக்கத்துக்கு ஒன்று வந்திருந்தது. அதைப் பார்த்ததும்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அப்படிக் கொண்டுபோய்க் கொடுக்கிற பழைய ஹீட்டர்களில் பலவற்றை ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாயில் சரிசெய்துவிடலாம். என் வீட்டு ஹீட்டரும் பழைய இரும்புக்குப் போயிருக்க வேண்டியதுதான். இன்றைக்குக் காலையில் அதில்தான் குளித்தேன்.

2022 ஜனவரியில் தர்மபுரி டவுனில் ஒரு கடையில் வாங்கினோம். 15 லிட்டர், 2000 வாட், ஐந்து நட்சத்திரம் போட்டது. டேங்குக்கு 5 வருடம், உள்ளே தண்ணீரைச் சூடாக்குகிற காயிலுக்கு 2 வருடம் வாரண்டி என்று அட்டையில் சீல் வைத்துக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீர். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் போர் தண்ணீர். 750 அடி போர். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, துவரம்பருப்பு வேகாது. எவர்சில்வர் குடத்தில் இரண்டு நாள் நின்றால் தண்ணீர் நின்ற மட்டத்தில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்துவிடும், புளி போட்டுத் தேய்த்தால்தான் போகும். கடைக்காரரும் இதே மாவட்டத்துக்காரர், அவர் வீட்டிலும் இதே கதைதான் இருக்கும். ஆனாலும் "உங்க வீட்ல என்ன தண்ணிம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. ஹீட்டருக்கும் தண்ணீரின் உப்புக்கும் சம்பந்தம் இருக்கிறது என்றே அன்றைக்கு எனக்குத் தெரியாது.

முதல் வருடம் நன்றாக ஓடியது. இரண்டாவது வருடம் ஆடி போய் ஆவணி வரும்போது ஒரு மாற்றம். இரண்டு பேர் குளிக்கிற வெந்நீர் ஒருவருக்கே போதவில்லை. சுவிட்சைப் போட்டால் ஐந்தாறு நிமிடத்தில் விளக்கு அணைந்துவிடும். தண்ணீர் காய்ந்துவிட்டது போலிருக்கிறது என்று குழாயைத் திறந்தால் வெதுவெதுவென்று கொஞ்சம் வந்து, உடனே பச்சைத் தண்ணீராகிவிடும். அப்புறம் சத்தம் ஆரம்பித்தது. சூடாகும்போது எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் உள்ளே படபடவென்று கேட்கும். "பழசானா அப்படித்தான்" என்று வீட்டில் எல்லோரும் பழகிவிட்டோம். அந்தச் சத்தம் கேட்டபோதே யாரையாவது கூப்பிட்டிருந்தால் இருநூறு முந்நூறு ரூபாயில் முடிந்திருக்கும்.

அந்த வருடம் மார்கழியில் என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பாலக்கோட்டு மார்கழிக் குளிரைச் சென்னைக்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். மாடித் தொட்டித் தண்ணீரில் காலையில் கைவைத்தால் விரல் விறைக்கும். பேத்தி பிறந்து பன்னிரண்டாம் நாள். பிள்ளை பெற்றவளுக்குத் தலைக்கு ஊற்ற வேண்டும் என்று விடியற்காலையில் ஹீட்டர் சுவிட்சைப் போட்டேன். வீடு முழுக்க இருட்டாகிவிட்டது. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலிருக்கிற இ.எல்.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கிற சுவிட்ச், கீழே விழுந்திருந்தது. தூக்கிவிட்டால் நிற்கிறது, ஹீட்டரைப் போட்டால் மறுபடி விழுகிறது. சரி, ஹீட்டர்தான் என்று தெரிந்துவிட்டது.

காஸ் அடுப்பில் அண்டா வைத்துத் தண்ணீர் காய வைத்தோம். அதைச் சமையலறையிலிருந்து குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது என் கணவருக்கு வாசற்படியில் கால் இடறி, வலது புறங்காலில் கொதிநீர் கொட்டிவிட்டது. குழாயடியில் உட்காரவைத்து இருபது நிமிடம் காலில் தண்ணீரை ஓடவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா பாசத்தோடு பேஸ்ட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். வேண்டாம் அக்கா, பச்சைத் தண்ணீர்தான் மருந்து என்று சொல்லி நிறுத்தினேன். ஆற மூன்று வாரம் ஆனது. 31 வருட வேலையில் வெந்நீர் பட்ட குழந்தைகளையும் தாய்மார்களையும் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். எல்லாமே இப்படி அண்டாவைத் தூக்கும்போது, இறக்கும்போது, தரையில் வைத்துவிட்டுத் திரும்பும்போது நடந்தவை. ஹீட்டர் ஆடம்பரம் என்று இன்னும் சிலர் பேசுகிறார்கள். கைக்குழந்தையும் வயதானவர்களும் இருக்கிற வீட்டில் அது அடுப்பு மாதிரி ஒரு தேவை.

அன்றைக்கே நிறுவனத்தின் சர்வீஸ் எண்ணுக்குப் போன் செய்தேன். நாளை வருவார்கள் என்றார்கள். ஒன்பதாவது நாள் ஒரு பையன் வந்தான். மீட்டரை வைத்துப் பார்த்தான், ஹீட்டரின் வெளிக்கூட்டை இரண்டு தட்டுத் தட்டினான், கீழே ஈரமாக இருந்ததைக் காட்டினான். "டேங்க் போயிடுச்சு மேடம். உப்புத் தண்ணி. வாரண்டி வராது. எக்ஸ்சேஞ்ச்ல போட்டீங்கன்னா 1,500 கம்மி பண்ணித் தருவாங்க" என்றான். திறந்து பார்க்காமல் எப்படித் தம்பி டேங்க் போயிடுச்சுன்னு சொல்றே என்று கேட்டேன். "டேங்க்கை நாங்க இங்க திறக்கறதில்ல மேடம்" என்றான். சர்வீஸ் தாளில் 'ஹார்டு வாட்டர்', அதாவது கடினத் தண்ணீர் என்று எழுதி, வந்துபோன கூலி 300 ரூபாயும் அதற்கு வரி 54 ரூபாயும் வாங்கிக்கொண்டு கிளம்பினான். அந்தப் பையன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. காபி குடித்துக்கொண்டே, மூன்று தாலுகாவுக்கும் தான் ஒருவன்தான் என்று சொன்னான். அவனிடம் உதிரி பாகம் என்று ஒரு பையில், தண்ணீர் காய்ந்ததும் ஹீட்டரை அணைக்கிற தெர்மோஸ்டாட் நாலு மட்டும் இருந்தது. கழற்றி மாட்ட அவனுக்கு நேரமும் இல்லை, அவனிடம் சாமானும் இல்லை.

அவன் போன பிறகு மகள் வாரண்டி அட்டையைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தாள். பின்பக்கத்தில் எறும்பு ஊர்வதுபோல் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள். கடினத் தண்ணீரால் வரும் பழுதுக்கு இந்த வாரண்டி பொருந்தாது என்று பதினோராவது நிபந்தனை.

அந்த ஒன்பது நாளுக்குள் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தெரிந்த வயர்மேன் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "பிளக்குல எர்த் வயரைக் கழட்டி விட்டுடறேன், ட்ரிப் ஆகாது, கொழந்தை இருக்கிற வீடு, நீங்க பாட்டுக்குத் தண்ணி காய வெச்சுக்குங்க" என்றார். உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. ஹீட்டர் உள்ளே கரண்ட் கசிகிறது. அந்தக் கசிவு எர்த் வழியாக மண்ணுக்குப் போகிறது, அதைக் கண்டுபிடித்துத்தான் இ.எல்.சி.பி. விழுகிறது. எர்த்தைக் கழற்றிவிட்டால் கசிவு நிற்காது, போவதற்கு வழி இல்லாமல் தண்ணீரிலும் குழாயிலும் காத்துக்கொண்டிருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று ஒருவர் குழாயைத் தொட்டால் அவர் உடம்புதான் வழி. தொண்ணூறுகளில் மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு வீட்டில், வாளியில் போட்டிருந்த கரண்ட் ராடை அணைக்காமல் தண்ணீர் சுட்டுவிட்டதா என்று விரலை விட்டுப் பார்த்த பெண்ணை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். உயிர் பிழைத்தார். வலது கையில் இரண்டு விரல் கடைசிவரை மடங்கவில்லை. ஹீட்டர் ட்ரிப் ஆனால் அது உங்களைக் காப்பாற்றியிருக்கிறது என்று அர்த்தம். சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, சரிசெய்கிறவர் வரும்வரை காத்திருங்கள். வீட்டில் இ.எல்.சி.பி. இல்லாதவர்கள் முதலில் 30 மில்லி ஆம்பியரில் விழுகிற ஒன்றை வாங்கி மாட்டுங்கள். ஹீட்டர் அதற்குப் பிறகு.

எங்களுக்குக் கடைசியில் கைகொடுத்தவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவர். அவர் தங்கைக்கு நான் பிரசவம் பார்த்திருக்கிறேன், அதனால் "நர்சம்மா" என்றுதான் கூப்பிடுவார். ஹீட்டரைச் சுவரிலிருந்து இறக்கி, முற்றத்தில் சாக்கு விரித்துக் கவிழ்த்து வைத்தார். கீழ்மூடியைக் கழற்றியதும் வட்டமாக ஒரு தகடு, அதில் ஆறு நட்டு. ஒவ்வொரு நட்டுக்கும் எண்ணெய் விட்டு, ஊறவைத்து, திருகினார். ஆறாவது நட்டு வந்த பிறகும் தகடு அசையவில்லை. இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டி ஆட்டி இழுத்தார். காயில் வெளியே வந்தபோது காயிலாகவே இல்லை. நாலு வளையமும் சேர்ந்து ஒரே கட்டியாக, கரையான் புற்றை உடைத்து எடுத்த மாதிரி இருந்தது. டேங்க்கைத் தூக்கிக் கவிழ்த்தார். கலகலவென்று கொட்டியது. முட்டை ஓட்டை நொறுக்கியதுபோல் வெள்ளையும் மஞ்சளும் சாம்பலுமாகச் சில்லுகள், அடியில் சுண்ணாம்புச் சேறு. அரைப்படிக்குக் குறையாது. ஒரு சில்லை எடுத்து அதன்மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து காட்டினார், நுரைத்துக்கொண்டு பொங்கியது. "இதாங்க நர்சம்மா உங்க ஹீட்டருக்கு வந்த வியாதி. டேங்க்குக்கு ஒண்ணும் ஆகல" என்றார்.

நிலத்தடித் தண்ணீரில் பாறையிலிருந்து கரைந்த கால்சியம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. தண்ணீர் சூடானால் அது கரைந்த நிலையில் நிற்க முடியாமல் சுண்ணாம்பாகப் பிரிந்து, எது அதிகச் சூடாக இருக்கிறதோ அதன்மேல் படியும். ஹீட்டருக்குள் அது காயில்தான். படிவு மூடிக்கொண்டால் காயிலின் சூடு தண்ணீருக்குள் சீக்கிரம் இறங்காமல் காயிலையே வாட்டுகிறது. ஒரு நாள் உறை வெடித்துத் தண்ணீர் உள்ளே போகிறது, கரண்ட் கசிகிறது. ஐந்து நிமிடத்தில் விளக்கு அணைந்ததற்கும் அவர் காரணம் சொன்னார். தெர்மோஸ்டாட் தண்டும் அந்தக் கட்டிக்குள்ளேயே புதைந்திருந்தது. பக்கத்துக் காயிலின் சூட்டை உணர்ந்து, தண்ணீர் முழுவதும் காய்ந்துவிட்டதென்று அது அணைத்துவிடுகிறது. 20 டிகிரியில் இருக்கிற 15 லிட்டர் தண்ணீர் 55 டிகிரிக்கு வர 2000 வாட் ஹீட்டருக்குப் பதினெட்டு, இருபது நிமிடம் ஆகும். முக்கால் யூனிட்டுக்கும் குறைவாகத்தான் கரண்ட் செலவாகும். உங்கள் ஹீட்டர் அந்த நேரத்துக்கு ரொம்ப முன்னாடியே அணைந்து, தண்ணீரும் சுடவில்லை என்றால் உள்ளே உப்பு கட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்னொரு பொருளையும் காட்டினார். பென்சில் ஈயம் போல ஒரு மெல்லிய கம்பி. வாங்கும்போது அது சுண்டுவிரலைவிடத் தடிமனான மெக்னீசியம் ராடாக இருந்திருக்கும் என்றார். டேங்க்கின் இரும்பைத் துரு பிடிப்பதற்குப் பதிலாகத் தன்னையே அரிக்கக் கொடுத்துக் கரைந்துபோவதற்காகவே அதை உள்ளே வைக்கிறார்கள். அது தீர்ந்துபோனால் அடுத்தது டேங்க்தான். எங்களுடையது நூலிழையில் மிச்சம். உப்புத் தண்ணீரில் அது வேகமாகக் கரையும், வருடா வருடம் பார்க்க வேண்டும், பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். இப்படி ஒரு பொருள் உள்ளே இருப்பதை விற்றவரும் சொல்லவில்லை, சர்வீசுக்கு வந்தவரும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் ஹீட்டர் வைத்திருக்கிற பதினோரு வீட்டில் விசாரித்தேன், ஒருவருக்கும் தெரியாது.

கீழே ஈரமாக இருந்ததற்குக் காரணம் அந்தத் தகட்டுக்கு அடியிலிருந்த ரப்பர் கேஸ்கட் வெந்துபோனது. 60 ரூபாய். காயில் 650, மெக்னீசியம் ராடு 250, கூலி 400. மொத்தம் 1,360 ரூபாயில் வேலை முடிந்தது. டேங்க்கின் உள்ளே கண்ணாடிப் பூச்சு இருக்கும், சுத்தியால் தட்டிச் சுண்ணாம்பை எடுத்தால் பூச்சு பெயர்ந்து அந்த இடத்தில் துரு ஏறும் என்று சொல்லி, எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கழுவினார். சிலர் கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஊற்றுகிறார்களாம். அது காயிலின் செம்பையும் சேர்த்துத் தின்றுவிடும் என்றார். பிளக்கையும் பார்த்தார். ஒரு கால் கருகியிருந்தது. 2000 வாட் என்றால் ஒன்பது ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் சாக்கெட்டும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் வேண்டும். டிவி, மிக்சி போடுகிற சின்ன சாக்கெட்டில் கன்வெர்டர் பிளக் போட்டு ஹீட்டர் ஓட்டுகிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் கருகின வாடை வந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

மற்றப் பழுதுகளைப் பற்றி அவர் சொல்லச் சொல்லக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். சுவிட்ச் விளக்கு எரிகிறது, தண்ணீர் துளிகூடச் சுடவில்லை என்றால் அதிகச் சூட்டில் அணைக்கிற கட்-அவுட் விழுந்திருக்கலாம். மூடிக்குள் சின்ன பட்டன் இருக்கும். கரண்டை நிறுத்திவிட்டுத் தெரிந்தவர் அழுத்தினால் வேலை செய்யும். மறுபடி விழுந்தால் தெர்மோஸ்டாட் அணைக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கலாம், பார்த்து மாற்றித்தான் ஆக வேண்டும், அழுத்தி அழுத்தி ஓட்டக்கூடாது. வெந்நீர் நூலாக வந்தால் ஹீட்டரைக் குறை சொல்வதற்கு முன்னால் ஷவர் துளைகளையும் உள்ளே வருகிற பைப்பின் வால்வையும் கழற்றிப் பார்க்கச் சொன்னார். அங்கேயும் இதே சுண்ணாம்புதான் அடைத்திருக்கும். மாடித் தொட்டி காலியாக இருக்கும்போது போட்டுவிட்டால் காயில் வெறும் டேங்க்கில் காய்ந்து போகலாம். வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்த பிறகே சுவிட்ச்.

சேஃப்டி வால்வு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். தண்ணீர் காயும்போது விரியும், அதனால் சில சொட்டுகள் வால்விலிருந்து விழுவது இயல்பு. தரை நனைகிறதே என்று அதை எம்-சீல் வைத்து அடைத்த வீட்டை இதே ஊரில் கண்ணால் பார்த்தேன். அந்த டேங்க்குக்குள் அழுத்தம் ஏறினால் வெளியேற ஒரே வழி அதுதான். அந்த வீட்டு மருமகளிடம் கையோடு சொல்லி எடுக்கவைத்துவிட்டுத்தான் வந்தேன். சொட்டுவது நிற்காமல் ஒழுகினால் பிரஷர் பம்பு கூடுதலாகத் தள்ளுகிறதா, தெர்மோஸ்டாட் கெட்டதா என்று பார்க்க வேண்டும்.

இப்போது ஹீட்டரை 50 டிகிரிக்கு மேல் வைப்பதில்லை. முன்பு முழுதாகத் திருப்பி வைத்திருந்தோம். சூடு ஏற ஏறச் சுண்ணாம்பும் வேகமாகப் படிகிறது, கரண்டும் வீண். அதோடு 60 டிகிரித் தண்ணீர் சில நொடியிலேயே தோலைச் சுட்டுவிடும், குழந்தைத் தோல் இன்னும் சீக்கிரம். எங்கள் பேத்தி இப்போது தானே குழாயைத் திருகுகிற வயது.

நம் மாவட்டத்தில் கெட்ட தண்ணீர் என்றாலே ஃபுளோரைடு ஞாபகம்தான் வருகிறது, அதனால் ஒரு விளக்கம். ஃபுளோரைடு வேறு, இந்த உப்புப் படிவு வேறு. பல்லில் கறையோடும் வளைந்த காலோடும் குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தவள் நான். ஜப்பான் நிதியுதவியோடு கட்டி 2013-ல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் தொடங்கியபோது எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லி மாளாது. தண்ணீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. ஹீட்டரில் சூடான போர் தண்ணீரைச் சீக்கிரம் கொதிக்கும் என்று உலைக்கு எடுக்கிறவர்கள் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் எங்கள் போர் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தேன். கடினத்தன்மை லிட்டருக்கு 720 மில்லிகிராம் என்று வந்தது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் 200 வரை நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம். எங்களுடையது அதையும் தாண்டிவிட்டது. எங்கள் தெருவில் மட்டும் இப்படி என்றால் என் தலையெழுத்து என்று இருந்துவிடுவேன். காரிமங்கலத்தில் கேட்டாலும் காவேரிப்பட்டணத்தில் கேட்டாலும் போர் தண்ணீர் வைத்திருப்பவர்கள் இதையேதான் சொல்கிறார்கள். அப்படியிருக்க, இந்த மாவட்டத்தில் கடை திறந்து, இந்த மாவட்டத்துப் பேப்பரில் விளம்பரம் போட்டு, 5 வருட வாரண்டி என்று கொட்டை எழுத்தில் எழுதி விற்றுவிட்டு, கடினத் தண்ணீருக்கு வாரண்டி இல்லை என்று பொடி எழுத்தில் எழுதினால் அந்த 5 வருடம் யாருக்கு? எங்களில் எத்தனை பேர் வீட்டில் நல்ல தண்ணீர் ஹீட்டருக்குப் போகிறது? குடிக்கவே அளந்து பிடிக்கிறோம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிந்தேன். தமிழிலேயே பேசினார்கள். பன்னிரண்டு நாள் கழித்து நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. திறந்து பார்க்காமலே டேங்க் போய்விட்டது என்று எழுதியது தவறு என்று ஒப்புக்கொண்டு, வந்துபோன கூலி 354 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். காயிலுக்கு ஒன்றும் கிடையாது, கடினத் தண்ணீர் என்று மறுபடி அதையே சொன்னார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கைக்குழந்தை இருந்த வீட்டில் அன்றைக்கு எனக்கு அலைய முடியவில்லை. முடிகிறவர்கள் போக வேண்டும். பில், வாரண்டி அட்டை, சர்வீஸ் தாள் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். திறந்து பார்க்காமல் எதையாவது எழுதினால் அந்தத் தாளில் நீங்களும் 'திறந்து பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

கடைக்காரர்களிடம் என் கோரிக்கை பெரியதில்லை. விற்கும்போது என்ன தண்ணீர் என்று கேளுங்கள். உப்புத் தண்ணீரென்றால் கண்ணாடிப் பூச்சுப் போட்ட காயில் உள்ளதைக் காட்டுங்கள், வருடத்துக்கு ஒருமுறை திறந்து கழுவ வேண்டும் என்று தமிழில் ஒரு வரி எழுதி ஹீட்டர் மேலேயே ஒட்டிக் கொடுங்கள். நிறுவனங்கள் அந்தக் கழுவும் வேலையை ஒரு நியாயமான கூலிக்குத் தாலுகா அளவிலேயே செய்து தரட்டும். கழுவிக் கொடுத்தவருக்கு உப்பைக் காரணம் காட்டி வாரண்டியை மறுக்கக் கூடாது. காயில், கேஸ்கட், மெக்னீசியம் ராடு மூன்றும் பாலக்கோடு, பென்னாகரம், அரூர் கடைகளில் கிடைக்க வேண்டும். எங்கள் மெக்கானிக் அந்த ராடை வாங்கச் சேலம் வரை போய்வந்தார், ஒரு நாள் கூலி போயிற்று. ஐ.டி.ஐ. படிக்கிற நம் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் இந்த வேலையை மட்டும் தனியாகச் சொல்லிக் கொடுத்தால் ஐப்பசி முதல் மாசி வரைக்கும் அவர்களுக்கு ஊரிலேயே வேலை இருக்கும். இதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் மனுவாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஹீட்டர் விளம்பரம் வருகிற அதே பக்கத்தில், கார்த்திகைக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் போடுங்கள். நீளம் என்று பட்டால் என் வீட்டுக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், எர்த் வயரையும் சேஃப்டி வால்வையும் பற்றி எழுதியதை மட்டும் வெட்டாதீர்கள். டேங்க்கிலிருந்து கொட்டிய அந்தச் சில்லுகளை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். பில், சர்வீஸ் தாள், தண்ணீர்ப் பரிசோதனைத் தாள் எல்லாம் அதோடு இருக்கின்றன. உங்கள் நிருபர் எந்த நாள் வந்தாலும் காட்டுகிறேன், காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.